இருநூறு கஜத்துச் சக்களத்தி

தை 4, ஞாயிறு

காலையில் பனி. மாடியில் போட்ட துணி நேற்றிலிருந்து ஈரம். கண்மை டப்பாவைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால், சக்களத்தி பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

சக்களத்தி என்றால் அவருடைய துப்பாக்கி. பாயிண்ட் டூ டூ. சுண்டு விரல் நுனி அளவு தோட்டா. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் லைசென்ஸோடு முறையாக வாங்கிய பழசு. வாங்கியபோது குழலைத் தாங்கி இருந்த மரக்கட்டை அடுப்புக்குப் போய்விட்டது. குழலையும் மாற்றியாயிற்று. பந்தயத் துப்பாக்கியின் கனமான குழல் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வந்தார். துறைமுக ஏலத்தில் கப்பல் சாப்பாட்டு மேஜைப் பலகை வாங்கி, அதில் புதுக் கட்டை செதுக்குகிறார். திருவொற்றியூர் கம்பெனியில் லேத், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் உளி. போன பொங்கலுக்கு ஆரம்பித்தது, இந்தப் பொங்கலும் வந்து போய்விட்டது.

மை எதற்காம்? குழல் மேல் மையைத் தடவிக் கட்டையில் வைத்து எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். அந்த இடத்தைச் சுரண்டவேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். முன்பக்கக் குழல் மரத்தை எங்கேயும் தொடக்கூடாதாம். தொட்டால், சூடு ஏற ஏறக் குறி நகருமாம்.

"வெளக்குக் கரி கீதே, அத்தத் தடவறது?" என்றேன்.

"கரி திட்டுத்திட்டா நிக்கிது கனகா. உன் மைதான் சன்னமா ஒட்டுது."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. நான் செய்கிற மை நன்றாக இருக்கிறது என்று இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறார், அதுவும் இதற்காக.

இட்லிக்கு ஊறப்போட வேண்டும். பெரியவனுக்கு இருமல். சித்தரத்தை.

தை 6, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

இந்த மாதம் முழுக்க அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட். காலை முழுவதும் வீட்டில். அதாவது, அவளோடு. கூடத்தில் உட்கார்ந்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கடல் காற்றில் மரம் ஊதக்கூடாதாம். சோற்றில், ரசத்தில், தலையணையில் எல்லாம் அந்த வாசனை.

அஞ்சலை மீன் கூடையோடு வந்தாள். காசிமேட்டுக்காரி. எனக்கு வாய்த்த ஒரே தோஸ்து. அவரைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே நின்றுவிட்டாள்.

"இன்னாமே இது, உன் வூட்டுக்காரரு கொயந்தைக்கு எண்ண தேய்க்கிற மாரி தேய்ச்சிக்கினு கீறாரு?"

"கொயந்தைங்களுக்கு நான் தேய்ச்சேன். அவரு இதுக்குத்தான்."

அவர் காதில் விழுந்தது. விழாத மாதிரி இன்னும் இரண்டு தேய் தேய்த்தார்.

சங்கரா வாங்கினேன். நல்ல மீன்.

தை 9, வெள்ளி

மாசி பிறப்பதற்கு முன்னால் துப்பாக்கி கிளப்பில் போட்டியாம், ஜெயித்தால் கோப்பை. எண்ணூர் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மண்மேடு எழுப்பிய இடம். சின்னத் துப்பாக்கிகளுக்கு இதுவரை ஐம்பது கஜம், மிஞ்சினால் நூறு. இந்த வருஷம் புதிதாக இருநூறு கஜம்.

கிளப்பில் எல்லாரும் இவரைக் கேலி. கிளப்பை நடத்துகிற லாரன்ஸ் சார், பெரம்பூர் ரயில்வேயில் டிரைவராக இருந்த ஆங்கிலோ-இந்தியர், சொன்னாராம்: "ஆர்முகம், டூ டூ வச்சிக்கினு டூ ஹண்ட்ரட்? கல்லு வுட்டு அடி மேன், அது சீக்கிரம் போவும்."

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் உள்ளே சுட்டிருக்கிறது, எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போவதற்குள் அந்தத் தோட்டா கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் கீழே இறங்கிவிடுமாம். அதற்கேற்பப் பின்பக்கத்துக் குறித் துளையை உயர்த்தவேண்டும். கடையில் கிடைக்கிற திருகு அவ்வளவு உயராது. லேத்தில் தானே கடைந்து கொண்டுவந்தார். பொடி மணி மாதிரி அழகான திருகு. மூக்குத்திக்குப் போடலாம் போலிருந்தது. கேட்டேன். முறைத்தார்.

தை 11, ஞாயிறு

பிள்ளைகளை அஞ்சலையிடம் விட்டுவிட்டு எண்ணூர். டிராம் நின்றதிலிருந்து பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. துணிப் பையில் சுற்றிய சக்களத்திக்கு மட்டும் ஜன்னல் ஓரம். கண்டக்டர்: "இன்னாது நைனா, நாயனமா? எங்க கச்சேரி?"

வழக்கம்போல எனக்கு வேலை, பக்கத்தில் உட்கார்ந்து தூரக்கண்ணாடியில் பார்த்து எங்கே பட்டது என்று சொல்வது. சுட்டபின் அது போய்ச் சேர ஒரு நொடி. பலகையில் "டப்" என்று அப்புறம்தான் கேட்கும். அந்த நொடியில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பரீட்சை முடிவு பார்க்கிற பையன் தோற்றான்.

முதல் சுற்று சரியில்லை. குறி தவறினால் இதுவரை பழி சுமந்தவர்கள்:
கடல் காற்று.
தோட்டா. (தட்டான் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பொறுக்கிய தோட்டா.)
வெயில்.
சவுக்கு மரத்துக் காக்கை.
நான், பக்கத்தில் இருமியதால்.
ஒரே ஒரு தடவை அவரே.
துப்பாக்கி மட்டும் ஒருநாளும் இல்லை. அவளை ஒரு சொல் சொல்லிவிட முடியாது. நான் ஒரு தடவை "கட்டைல எதுனா கோணலோ" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு இரண்டு வேளை பேச்சு வாங்கினேன்.

காற்று அடங்கியதும் ஐந்து தோட்டா. ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள். இருநூறு கஜத்தில்! ஓடிப்போய்க் காகிதத்தைக் கழற்றி வந்தார். என் கையை அதன் மேல் விரித்து வைத்து மூடிப் பார்த்தார். மூடியது.

"நீயும் சுடு" என்றார் சந்தோஷத்தில். முன்பே நாலைந்து தடவை சுடவைத்திருக்கிறார், தோட்டா பரிசோதனைக்கு. கட்டை அவர் கைக்குச் செய்தது, எனக்கு நீளம். கழுத்தை நீட்டி நீட்டி எப்படியோ சுட்டேன். இரண்டு நன்றாகவே போயிற்று. அவர் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கண்டக்டருக்கும் காட்டினார்.

தை 14, புதன்

போட்டிக்குப் பேர் கொடுக்க இன்றுதான் கடைசி. சாயங்காலம்தான் வாங்குவார்கள், அவருக்கு ஷிஃப்ட். "நீ பெரம்பூர் போயி லாரன்ஸ் சார் வூட்ல பேரு குடுத்துட்டு வந்துரு" என்று துப்பாக்கி நம்பரை மட்டும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போனேன். லாரன்ஸ் சார் இல்லை. கோலாரிலிருந்து வந்திருக்கிற அவருடைய அக்கா. வயதானவர், மூக்குக் கண்ணாடி, முன்னால் பேனாவும் தாளும்.

"சுடறது யாரு?"

"எங்க வூட்டுக்காரரு."

"பேரு?"

திக்கென்றது. எப்படிச் சொல்வது?

"சாமி பேருங்க. மயில் மேல வருவாரே."

"மயில்?"

"ஆறு தலை சாமி."

"ஆறு தலை! ஜீசஸ்!" சிலுவை போட்டுக்கொண்டார்.

"இல்லீங்கம்மா. ஆறு... அப்பால மூஞ்சிக்கு இன்னொரு பேரு கீதே, அது."

ஆறையும் சொல்லலாம், முகத்தையும் சொல்லலாம். சேர்த்துத்தான் சொல்லக்கூடாது. எழுதிக் காட்டலாம் என்றால் அந்தம்மாவுக்குத் தமிழ் படிக்க வராதாம். சொன்னதும் விளங்கவில்லை. பின்னால் வேறு நாலு பேர் நிற்கிறார்கள். "உன் பேரு இன்னா, அத்தச் சொல்லு" என்றார். கனகவல்லி என்றேன். நம்பரைக் கேட்டார். காகிதத்தைக் கொடுத்தேன். "முட்ஞ்சிது, போ."

கனகவல்லி புருஷன் என்று எழுதிக்கொண்டிருப்பார், வேறென்ன.

"பேரு குடுத்தியா?" என்றார் வந்ததும்.

"குடுத்தேன்."

தை 18, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. மேகமூட்டம்.

கிளப் வாசலில் பலகை. அவர் தன் பேரை மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். துப்பாக்கி நம்பர் இருக்கிறது. அதற்கு நேரே கனகவல்லி.

"கனகவல்லி யாரு?" என்றார். நிஜமாகவே. ஒரு நொடி அவருக்கு விளங்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

லாரன்ஸ் சாருக்கு ஒரே மகிழ்ச்சி, லேடி ஒருத்தி சுடப்போகிறாள் என்று. இவர் பேரை மாற்றச் சொல்லிக் கேட்டார். முடியாதாம். ஒரு துப்பாக்கிக்கு ஒரு பேர், பலகையில் ஏறினால் மாற்றமில்லை. இது லாரன்ஸ் சாரே போட்ட சட்டம், போன வருஷம் இதைக் காட்டித்தான் வேறொருத்தரைத் திருப்பி அனுப்பினாராம். "நான் எப்டி மேன் மாத்த முடியும்? நீ கிளப் ரைஃபிள் எடுத்துக்கோ. ஃப்ரீயா."

கிளப் துப்பாக்கி. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு.

வீட்டுக்கு வந்தபின்தான் பேச்சு.

"ஒரு பேரு சொன்னா இன்னா, வாயி வெந்துடுமா?"

நான் அடுப்பை ஊதப் போனேன்.

"ஒரு வருசம் கனகா. ஒரு வருசம்."

அதற்கு மேல் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். நம்புகிறேனா? தெரியாது. ஆனால் அவர் ஆயுசை வைத்துப் பரீட்சை செய்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கக்கூட மாட்டார், அதுதான் பயம்.

தை 20, செவ்வாய்

பேச்சில்லை. "தண்ணி." "சட்ட." அவ்வளவுதான்.

அஞ்சலையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அய்யய்ய, பேஜாரா போச்சே" என்றாள். பிறகு, "நீ சுடேன்."

"நானா?"

"பலகைல உன் பேருதான கீது? அவரு பேரு எழுதியிருந்தா அவரு சுட்டிருப்பாரு. கணக்கு சரியாத்தான் கீது."

அவளுக்கு எல்லாம் கணக்கு சரிதான். மத்தி எடை மட்டும் எப்போதும் குறையும்.

தை 21, புதன்

காலையில் காப்பி கூடக் குடிக்காமல், "படு" என்றார்.

கூடத்தில் பாயில் குப்புறப் படுத்தேன். துப்பாக்கியைத் தோளில் கொடுத்தார். என் கண்ணுக்கும் துளைக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார். சுண்ணாம்புக் கட்டியால் பின்கட்டையில் ஒரு கோடு.

எனக்குப் புரிந்துவிட்டது. "அறுக்கப்போறியா?"

"பின்ன? உன் கழுத்த இழுத்து நீட்டவா?"

"வேணாம்யா. நீ கிளப்பு துப்பாக்கில சுடு. இத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"இது வூட்ல குந்திகினு நான் அங்க சுட்டு இன்னாத்துக்கு?"

அறுத்தால் இனி அவர் தோளுக்குப் பொருந்தாது. பிறகு ஒட்டிக்கொள்ளலாமே என்றேன். ஒட்டின கட்டை ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஆடும், ஆடினால் குறி போகும் என்றார். சொல்லும்போது கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ரம்பத்தை எடுத்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். இந்த நேரத்தில் தண்ணீர் வராது. சும்மா நின்றேன். அங்கேயும் கேட்டது.

திரும்பி வந்தபோது அரம் போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி படுக்கச் சொன்னார். இப்போது கன்னம். கட்டை மேல் நான் முகத்தை வைக்க, எங்கே அழுத்துகிறது என்று என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் செதுக்கினார். மை வைத்தார். எடுத்தார். மறுபடி தொட்டார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு தொட்டதில்லை. இதையெல்லாம் எழுதலாமா? எழுதியாகிவிட்டது.

அறுத்த துண்டை அஞ்சலை வந்து பார்த்து, அரிவாள்மணைக்கு முட்டுக் கொடுக்கக் கேட்டாள். எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசில்லை.

தை 23, வெள்ளி

காலையில் எண்ணூர். என் அளவுக்கு ஆகிவிட்டாள். துளை தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. குதிரையையும் லேசாக்கிவிட்டார், என் விரலுக்கு. தொட்டதும் விடுகிறது.

புடவையில் குப்புறப் படுப்பது பெரும்பாடு. அவருடைய காக்கிச் சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். கீழே சாக்கு. தோப்புப் பக்கம் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இவர் போய் அவர்களுக்கும் எனக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நின்றார், அவ்வளவுதான்.

பத்துக்கு எட்டு உள்ளே.

"காத்து எடது பக்கத்துலேந்து வருது. கொடிய பாத்துட்டு இழு. அவசரப்படாத."

"நீ பேசாத. நீ பேசினா எனக்கு இருமல் வருது."

சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. போதும், கோப்பையெல்லாம் யாருக்கு வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

தை 24, சனி

வேண்டும். பொய் சொல்லக்கூடாது. கோப்பை வேண்டும். எனக்காக இல்லை. "கல்லு வுட்டு அடி" என்றார்களே, அவர்கள் முன்னால் அவர் செய்த துப்பாக்கி ஜெயிக்கவேண்டும். நான் தப்பினால் அது அவர் வேலை மேல்தான் விழும். பொம்பளை கையில் கொடுத்தான் பார் என்பார்கள், அல்லது துப்பாக்கியே சொத்தை என்பார்கள். ஒரு வருஷ உழைப்பு என் ஆள்காட்டி விரலில்.

எனக்குச் சோறு வேண்டாம். ரசம் மட்டும்.

சட்டைக்கு இஸ்திரி. சாக்கைத் தட்டி வைக்க. பிள்ளைகளுக்குப் புளிச்சோறு கட்ட.

தை 25, ஞாயிறு

சாயங்காலம் எழுதுகிறேன்.

காலையில் நல்ல வெயில், இளங்காற்று. கூட்டம். பொம்பளை நான் ஒருத்தி. லாரன்ஸ் சாருடைய அக்காவும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "உங்க ஆறு தலை வரல?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தலையைக் காட்டினேன்.

ஆளுக்குப் பத்துத் தோட்டா. பலகைக்குக் கீழே பள்ளத்தில் ஆள் இருந்து, பட்ட இடத்தைத் தடியால் காட்டுவான். தப்பினால் சிவப்புக் கொடி.

முதல் தோட்டா ஓரத்தில். அவர் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பேசவில்லை, நான்தான் பேசாதே என்றேனே. இரண்டாவதிலிருந்து ஒழுங்காகப் போயிற்று. மூன்று, நான்கு, நடு. ஏழாவது நடுவுக்கு நடு. பின்னால் ஆட்கள் கூடுவது காலடியில் தெரிந்தது. "டூ டூவா மேன் இது?" என்று லாரன்ஸ் சார் குரல். யாரோ, "ஆர்முகம் செஞ்சது சார், கட்டை, திருகு எல்லாம்." அதைக் கேட்டு எனக்குக் காது குளிர்ந்தது. ஒன்பது முடிந்தபோது எனக்கு மேலே யாரும் இல்லை.

பத்தாவது.

மனசு ஓடிவிட்டது. கோப்பையை எங்கே வைப்பது, அலமாரியிலா, சாமி படத்துக்குப் பக்கத்திலா. அவர் அதைப் பிள்ளைகளிடம் எப்படிக் காட்டுவார். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, கொடியைப் பார்க்காமல், மூச்சைப் பிடிக்காமல், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு குதிரையை இழுத்துவிட்டேன். பாவி.

"டப்" கேட்கவே இல்லை. சிவப்புக் கொடி ஆடியது.

ஒரு தோட்டாவில் ஐந்தாவது இடம். எழுந்திருக்க முடியவில்லை. சாக்கில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். பின்னால் ஒருத்தன் சிரித்தான். "பொம்பளைங்கோ கைல குட்த்தா இப்டித்தான்."

அவர் எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இப்போது என்ன சொல்லப்போகிறார்? என்ன சொன்னாலும் தகும்.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, லாரன்ஸ் சாரைப் பார்த்துச் சொன்னார்.

"கட்டைல கோளாறு சார். போன வாரம் அறுத்தேன், சரியா குந்தல. கடைசில ஆடிப்போச்சி. அவ மேல தப்பு ஒண்ணியும் இல்ல. துப்பாக்கிதான் சரியில்ல."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. அவளைக் கையில் எடுத்துப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், கழுத்தெல்லாம் சிவந்து. "நான் அப்பவே சொன்னேனே மேன்" என்றார் லாரன்ஸ் சார். "ஆமா சார்" என்றார் இவர்.

பஸ்ஸில் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "கட்டை ஆடலய்யா. நான் கண்ண மூடிட்டேன்."

"பாத்தேன்."

"பாத்துட்டா அப்டிச் சொன்ன?"

ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அழுதேன். துக்கத்தில் இல்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேனோ. என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அவளை விட்டுக்கொடுத்துவிட்டார், அத்தனை பேர் முன்னால்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். பையைப் பிரிக்கக்கூட இல்லை. சுட்ட குழல், உப்புக் காற்று, ஒருநாள் விட்டாலும் துரு ஏறும். நானே பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். பாவம், அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை.